ஏழு வருட டென்டல் சீட்டா, பெரிய பெயரா?

ஏப்ரல் கடைசி வாரம். நியூ ஜெர்சியில் அண்ணன் வீட்டுச் சாப்பாட்டு மேசையில் இரண்டு கடிதங்கள் கிடந்தன. ஒன்று, எல்லோரும் பெயர் கேள்விப்பட்டிருக்கும் ஒரு பல்கலைக்கழகத்திலிருந்து வந்தது. ஒரே பக்கம், அதிலும் வாழ்த்துதான் அதிகம். இன்னொன்று, மாநிலத்தைத் தாண்டினால் பலருக்குத் தெரியாத ஒரு கல்லூரியிலிருந்து. மூன்று வருடம் இங்கே படி, நாலாம் வருடம் நேராகப் பல் மருத்துவக் கல்லூரிக்குப் போ, ஏழு வருடத்தில் டாக்டர் என்றது அது. கூடவே நாலு பக்கத்துக்கு நிபந்தனைகள். மே 1க்குள் இரண்டில் ஒன்றுக்குச் சரி சொல்லியாக வேண்டும்.

“வெண்ணெயைக் கையில வச்சுக்கிட்டு நெய்க்கு அலையணுமா?” என்றார் அண்ணி.

“அந்த காலேஜ் பேரு கடைசி வரைக்கும் கூட வரும்மா” என்றார் அண்ணன்.

பதினேழு வயதுப் பெண் இருவரையும் பார்த்துவிட்டு என் பக்கம் திரும்பினாள். “அத்தை, அந்த நாலு பக்கத்தை நீங்களாவது படிச்சீங்களா?”

நான் படித்திருக்கவில்லை. அன்று இரவு உட்கார்ந்து படித்தேன். இந்த வாதத்துக்கான விடை பெரும்பாலும் அந்த நாலு பக்கத்துக்குள்தான் இருக்கிறது என்பது அப்போதுதான் புரிந்தது. அமெரிக்காவில் இருக்கும் தமிழ்க் குடும்பங்கள் பலவற்றில் ஒவ்வொரு வசந்த காலத்திலும் இதே பேச்சு நடக்கிறது. அதனால் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

ஊரில் பிளஸ் டூ முடித்ததும் பிடிஎஸ் சேர்ந்துவிடலாம். பயிற்சி ஆண்டோடு சேர்த்து ஐந்து வருடம். அமெரிக்காவில் அப்படி இல்லை. முதலில் நாலு வருடம் ஒரு பட்டப்படிப்பு. பாடம் எதுவாக இருந்தாலும் உயிரியல், வேதியியல், கரிம வேதியியல், இயற்பியல் எல்லாம் ஆய்வகத்தோடு முடித்திருக்க வேண்டும். அப்புறம் டிஏடி என்ற நுழைவுத் தேர்வு, விண்ணப்பம், நேர்காணல். இதெல்லாம் தாண்டினால் நாலு வருடப் பல் மருத்துவம். முடிவில் கிடைப்பது டிடிஎஸ் அல்லது டிஎம்டி. இந்த இரண்டு பட்டங்களையும் பார்த்துக் குழம்ப வேண்டாம். 1840இல் பால்டிமோரில் தொடங்கிய உலகின் முதல் பல் மருத்துவக் கல்லூரி டிடிஎஸ் என்றது. 1867இல் தொடங்கிய ஹார்வர்டின் கல்லூரி லத்தீனில் பெயர் வைத்து டிஎம்டி என்றது. படிப்பும் ஒன்றுதான், உரிமமும் ஒன்றுதான்.

இந்த எட்டு வருடத்தை ஏழாகச் சுருக்கி, பள்ளி முடிக்கும்போதே இரண்டு கட்டத்துக்கும் சேர்த்து இடம் ஒதுக்குவதுதான் துரிதத் திட்டம். மூன்று கூட்டல் நாலு என்பார்கள். நியூ ஜெர்சியில் என்ஜேஐடி என்ற தொழில்நுட்பக் கழகத்தில் மூன்று வருடம் படித்து, ரட்கர்ஸ் பல்கலைக்கழகத்தின் பல் மருத்துவக் கல்லூரிக்குப் போகும் வழி இருக்கிறது. இரண்டுமே நியூவார்க்கில்தான். நியூயார்க்கின் அடெல்ஃபை பல்கலைக்கழகத்திலிருந்து நியூயார்க் பல்கலைக்கழகத்துக்கும் (என்ஒய்யு), பென்சில்வேனியாவின் லீஹை பல்கலைக்கழகத்திலிருந்து பென்சில்வேனியா பல்கலைக்கழகத்துக்கும் (யூபென்) இதுபோன்ற ஏற்பாடு உண்டு. கலிஃபோர்னியாவின் பசிபிக் பல்கலைக்கழகம் இன்னும் வேகம். சான் ஃபிரான்சிஸ்கோவில் இருக்கும் அதன் பல் மருத்துவக் கல்லூரி நாலு வருடப் பாடத்தைக் கோடை விடுமுறை இல்லாமல் மூன்றே வருடத்தில் முடித்துவிடுகிறது. அதனால் பள்ளி முடித்த ஐந்தாவது வருடமே டாக்டராகும் வழியும் அங்கே இருக்கிறது.

ஒரு வருடம் மிச்சம் என்பதுதான் எல்லோர் கண்ணிலும் முதலில் படுகிறது. எனக்கு அதைவிடப் பெரியதாகத் தெரிவது வேறு. வழக்கமான வழியில் போகிறவர்களில், ஒரு ஆண்டில் விண்ணப்பிக்கும் மொத்தப் பேரில் பாதிக்குச் சற்று மேல்தான் பல் மருத்துவக் கல்லூரிக்குள் நுழைகிறார்கள். நுழைகிறவர்களின் சராசரி ஜிபிஏ, அதாவது நாலுக்குக் கணக்கிடும் மதிப்பெண், 3.6ஐ ஒட்டி நிற்கிறது. கரிம வேதியியலில் ஒரு சி கிரேடு விழுந்தால் மூன்று வருடத் தூக்கம் போய்விடும். கிடைக்காதவர்கள் ஒரு வருடம் ஏதாவது ஆய்வகத்திலோ கிளினிக்கிலோ வேலை பார்த்துவிட்டு மறுபடி எழுதுகிறார்கள். எட்டு வருடம் ஒன்பது, பத்து ஆவது சாதாரணம். பதினேழு வயதிலேயே அந்த வரிசையிலிருந்து வெளியே வந்துவிடும் நிம்மதிக்கு ஒரு விலை உண்டு என்றே நான் நினைக்கிறேன். அண்ணி சொன்ன வெண்ணெய் அதுதான்.

ஆனால் அந்த வெண்ணெய் உறியில் இருக்கிறதா, கைக்கு வந்துவிட்டதா என்று பார்க்க வேண்டும். அதற்குத்தான் அந்த நாலு பக்கம்.

முதல் பக்கத்தில் ஜிபிஏ வரம்பு. அண்ணன் மகளுக்கு வந்ததில் 3.5க்குக் கீழே இறங்கக் கூடாது, அறிவியல் பாடங்களுக்குத் தனியாகவும் அதே அளவு. அடுத்து டிஏடி. சில திட்டங்கள் இந்தத் தேர்வே வேண்டாம் என்கின்றன. சில, குறைந்தபட்ச மதிப்பெண் கேட்கின்றன. இவளுக்குக் கேட்டிருந்தார்கள். அந்தத் தேர்வில் விசித்திரமான ஒரு பகுதி உண்டு. ஒரு தாளை இரண்டு மூன்று மடிப்பு மடித்து ஓர் ஓட்டை போட்டால், பிரித்ததும் ஓட்டைகள் எங்கெங்கே இருக்கும் என்று மனதாலேயே கண்டுபிடிக்க வேண்டும். அவள் பேப்பர் நாப்கினை மடித்துப் பென்சிலால் குத்தி எனக்குக் காட்டினாள். நான் இரண்டு என்றேன். பிரித்தால் நாலு. வாய்க்குள் கண்ணாடியில் தலைகீழாகத் தெரியும் பல்லை வைத்துக் கை வேலை செய்ய வேண்டிய தொழிலுக்கு, அந்தக் கண் இருக்கிறதா என்று பார்க்கிறார்கள்.

சில திட்டங்களில் ‘ஒதுக்கப்பட்ட இடம்’ என்று தலைப்பில் இருக்கும். உள்ளே படித்தால் நேர்காணலுக்கு அழைப்பது மட்டும்தான் உறுதி, இடம் அதற்கப்புறம்தான் என்று இருக்கும். இந்த இரண்டுக்கும் மலைக்கும் மடுவுக்கும் உள்ள வித்தியாசம். மூன்றே வருடத்தில் பாடங்களை முடிக்கப் பள்ளியிலேயே கல்லூரித் தரத்தில் எழுதிய ஏபி தேர்வு மதிப்பெண்களை நம்பியிருப்பவர்கள், அதையும் கேட்டுக்கொள்ள வேண்டும். இளநிலைக் கல்லூரி ஏபியை ஏற்றுக்கொண்டாலும், பல் மருத்துவக் கல்லூரி அறிவியல் பாடங்களுக்கு அதை ஏற்காமல் போகலாம்.

மூன்றாம் பக்கத்தில் இருந்த ஒரு வரிதான் என்னை நிறுத்தியது. இடையில் வேறு எந்தப் பல் மருத்துவக் கல்லூரிக்காவது விண்ணப்பித்தால் இந்த இடம் ரத்து. எல்லாத் திட்டங்களும் இப்படி இல்லை. விண்ணப்பிக்க விடுகிறவையும் உண்டு. அடுத்தது பட்டம். மூன்று வருடத்தில் இளநிலைப் பட்டம் கையில் வராது. பல் மருத்துவத்தின் முதல் வருடப் பாடங்களை நாலாம் வருடமாகக் கணக்கில் எடுத்துக்கொண்டு, அது முடிந்த பிறகுதான் பட்டம் தருவார்கள். அதாவது அந்த முதல் வருடத்தின் நடுவில், இது எனக்கு ஒத்துவராது என்று ஒரு பிள்ளை வெளியே வந்தால், நாலு வருடம் முடியப் போகும் நேரத்தில் கையில் ஒரு பட்டமும் இருக்காது. இதைச் சொன்னபோது அண்ணி கொஞ்ச நேரம் பேசவில்லை.

சரி, இப்போது அண்ணன் பக்கம் வருகிறேன்.

பெரிய பெயர் எங்கே வேலை செய்கிறது, எங்கே செய்வதில்லை என்பதை நம் வீடுகளில் பிரித்துப் பார்ப்பதில்லை. பல் மருத்துவக் கல்லூரிச் சேர்க்கையில் முதலில் பார்ப்பது அறிவியல் மதிப்பெண், டிஏடி, கிளினிக்கில் நின்று பார்த்த மணி நேரங்கள், பரிந்துரைக் கடிதங்கள். எந்தக் கல்லூரி என்பது அதற்கெல்லாம் பின்னால் வருகிறது. கடினமான கல்லூரியில் எடுத்த 3.3ஐ, எளிய கல்லூரியில் எடுத்த 3.8க்குச் சமமாக யாரும் மாற்றிக் கொடுப்பதில்லை. பிரின்ஸ்டன் 2004இலிருந்து பத்து வருடம், ஏ வரிசை மதிப்பெண்கள் 35 சதவீதத்தைத் தாண்டக் கூடாது என்று ஒரு விதி வைத்திருந்து, 2014இல் கைவிட்டது. மருத்துவம், சட்டம் என்று மேற்படிப்புக்குப் போக நினைத்த மாணவர்கள் அந்தப் பத்து வருடமும் அதை நினைத்துக் கவலைப்பட்டதில் நியாயம் இருந்தது.

தொழிலுக்கு வந்த பிறகோ கேட்கவே வேண்டாம். கன்னத்தில் கை வைத்துக்கொண்டு வந்து உட்காருகிறவர், டாக்டர் பதினெட்டு வயதில் எங்கே படித்தார் என்று விசாரிப்பதில்லை. வலிக்காமல் செய்வாரா, என் இன்ஷூரன்ஸை எடுத்துக்கொள்வாரா, சனிக்கிழமை கிளினிக் உண்டா என்றுதான் கேட்கிறார்.

ஆனால் பெயர் கைகொடுக்கும் இடங்கள் இரண்டு உண்டு. ஒன்று, பிள்ளை மனம் மாறினால். அமெரிக்காவில் இளநிலைப் படிப்பில் சேர்பவர்களில் மூன்றில் ஒரு பங்குப் பேர் முதல் மூன்று வருடத்துக்குள் பாடத்தையே மாற்றிக்கொள்கிறார்கள் என்கிறது அரசின் கல்விப் புள்ளிவிவரம். அப்படி மாறினால், பெரிய பல்கலைக்கழகத்தில் கதவுகள் நிறைய. நிதி நிறுவனங்கள், ஆலோசனை நிறுவனங்கள் வளாகத்துக்கே வந்து ஆள் எடுக்கும். சட்டமோ பொருளாதாரமோ படிக்கலாம். பல் மருத்துவத்தை மட்டும் நம்பி ஒரு சிறிய கல்லூரியில் சேர்ந்தவளுக்கு அதே மாற்றம் அவ்வளவு சுலபமாக இருக்காது.

இரண்டாவது இடம், பல் மருத்துவக் கல்லூரியின் பெயர். இளநிலைக் கல்லூரியின் பெயர் இல்லை, கவனிக்க வேண்டும். பல் சீரமைப்பு, தாடை அறுவை போன்ற சிறப்புப் படிப்புக்குப் போக நினைப்பவர்களுக்குப் போட்டி கடுமை. முன்பு, உரிமம் வாங்க எழுதும் தேசிய வாரியத் தேர்வின் மதிப்பெண்ணை வைத்து மாணவர்களைத் தரம் பிரித்தார்கள். 2012இல் அதை வெறும் தேர்ச்சி, தோல்வி என்று மாற்றிவிட்டார்கள். 2020இல் வந்த புதிய ஒருங்கிணைந்த தேர்வும் அப்படித்தான். அதனால் வகுப்பில் எத்தனையாவது இடம், எந்தக் கல்லூரி, யார் பரிந்துரைத்தார்கள் என்பதற்கெல்லாம் எடை கூடிவிட்டது. ஹார்வர்டு, கொலம்பியா போன்ற இடங்களில் பல் மருத்துவம் படிப்பவர்களில் பெரும்பாலோர் சிறப்புப் படிப்புக்குத்தான் போகிறார்கள். வேறெங்கும் விண்ணப்பிக்காதே என்ற அந்த மூன்றாம் பக்க வரி கடிக்கிற இடம் இதுதான். பிற்பாடு ஹார்வர்டுக்குப் போகும் தகுதி பிள்ளைக்கு வந்துவிட்டாலும், முயன்று பார்க்க வேண்டுமென்றால் கையில் இருப்பதை விட வேண்டும்.

அண்ணனின் தயக்கத்துக்கு வேறொரு காரணமும் இருந்ததாக எனக்குத் தோன்றுகிறது. தமிழ்நாட்டில் நாம் வளர்ந்த காலத்தில், எம்பிபிஎஸ் கிடைக்காதவர்கள் எடுப்பதுதான் பிடிஎஸ் என்ற பேச்சு இருந்தது. கவுன்சலிங்கில் அந்த வரிசையில்தான் இடங்கள் நிரம்பும். அந்த நினைப்பை விமானத்தில் ஏற்றி இங்கே கொண்டுவந்துவிட்டோம். இங்கே நிலைமை வேறு. மருத்துவம் கிடைத்தும் பல் மருத்துவத்தைத் தேர்ந்தெடுப்பவர்கள் இருக்கிறார்கள். இரவுப் பணி குறைவு, சிறப்புப் பயிற்சி இல்லாமலேயே உரிமம் வாங்கித் தொழில் தொடங்கலாம். நியூயார்க் மாதிரி ஓரிரு மாநிலங்கள் மட்டும் ஒரு வருடப் பயிற்சி கேட்கின்றன. பெண் டென்டல் சீட்டை எடுப்பதை ஏதோ ஒரு படி இறங்குவதாக அண்ணன் நினைத்தார் என்றால், அது இந்த ஊர்க் கணக்கு இல்லை.

கணக்கு என்றதும் பணம். இதில்தான் நான் அதிக நேரம் செலவழித்தேன்.

பெயர் பெற்ற தனியார் பல்கலைக்கழகங்களில் விடுதியும் சேர்த்து ஆண்டுச் செலவு 90,000 டாலரைத் தாண்டிவிட்டது. நாலு வருடத்துக்கு 3,60,000. மாநிலக் கல்லூரியில் உள்ளூர்க் கட்டணத்தில் 35,000ஐ ஒட்டி வரும் என்று வைத்துக்கொள்வோம். மூன்று வருடத்துக்கு 1,05,000. வித்தியாசம் இரண்டரை லட்சம் டாலர். இதற்கு அப்புறம்தான் பல் மருத்துவக் கல்லூரியின் செலவு தொடங்குகிறது. தனியார் பல் மருத்துவக் கல்லூரிகள் பலவற்றில் கட்டணம் மட்டுமே ஆண்டுக்கு ஒரு லட்சம் டாலரைத் தொட்டுவிட்டது. கடன் வாங்கிப் படித்து முடிப்பவர்களின் சராசரிக் கடன் மூன்று லட்சம் டாலரை ஒட்டி நிற்கிறது. அதாவது, பெரிய பெயருக்காக முதல் நாலு வருடத்தில் கூடுதலாகக் கொடுக்கும் தொகை, ஒரு பல் மருத்துவரின் மொத்தக் கல்விக் கடனுக்குக் கிட்டத்தட்டச் சமம்.

பெரிய பல்கலைக்கழகங்கள் உதவி செய்யாமல் இல்லை. ஆண்டு வருமானம் இரண்டு லட்சம் டாலருக்குள் இருக்கும் குடும்பங்களுக்குக் கல்விக் கட்டணமே இல்லை என்று ஹார்வர்டு 2025இல் அறிவித்தது. வருமானம் குறைவான வீட்டுக்கு என் கணக்கே தலைகீழாகிவிடும். அப்படிப்பட்ட வீட்டில் ஹார்வர்டுதான் மலிவு. ஆனால் இருவருமே ஐடியில் இருக்கும் வீடுகள் பெரும்பாலும் அந்தக் கோட்டைத் தாண்டிவிடுகின்றன. ஹார்வர்டு, பிரின்ஸ்டன் போன்ற எட்டுப் பல்கலைக்கழகங்கள் சேர்ந்த ஐவி லீக்கில் மதிப்பெண்ணுக்காகக் கொடுக்கும் உதவித்தொகை கிடையவே கிடையாது. மாநிலக் கல்லூரிகளில் நல்ல மாணவர்களுக்கென்று இருக்கும் ஹானர்ஸ் பிரிவுகளில் அது தாராளமாகக் கிடைக்கிறது. அண்ணன் மகளுக்கும் அந்த ஏழு வருடத் திட்டக் கல்லூரியில் பாதிக் கட்டணத்தைத் தள்ளுபடி செய்திருந்தார்கள்.

இப்போது சட்டமும் மாறியிருக்கிறது. முன்பெல்லாம் பல் மருத்துவ மாணவர்கள் கிராட் பிளஸ் என்ற மத்திய அரசுக் கடனில், ஆகும் செலவு முழுவதையும் வாங்கிக்கொள்ள முடிந்தது. 2025 ஜூலை 4 அன்று கையெழுத்தான சட்டம் புதியவர்களுக்கு அதை நிறுத்துகிறது. 2026 ஜூலை 1 முதல் தொழிற்படிப்பு மாணவர்களுக்கு ஆண்டுக்கு 50,000 டாலர், மொத்தம் இரண்டு லட்சம் டாலர்தான் மத்திய அரசுக் கடன். பெற்றோர் பெயரில் வாங்கும் இளநிலைக் கடனுக்கும் ஒரு பிள்ளைக்கு மொத்தம் 65,000 என்று வரம்பு வந்துவிட்டது. மிச்சத்துக்குத் தனியார் கடன், அதற்குப் பெற்றோரின் கையெழுத்து. 2025-26இல் மேற்படிப்புக்கான அரசுக் கடனின் வட்டி 7.94 சதவீதம். இரண்டு லட்சத்துக்கு வருடம் கிட்டத்தட்ட 16,000 டாலர் வட்டி மட்டுமே. இளநிலைப் படிப்பில் சேமிப்பைக் கரைத்துவிட்டு, பல் மருத்துவத்துக்குக் கடன் வாங்கிக்கொள்ளலாம் என்று இந்தச் சட்டத்துக்கு முன்பு வரை சொல்ல முடிந்தது. இனிமேல் அப்படிச் சொல்வது கஷ்டம். சேமிப்பு எந்தக் கட்டத்துக்கு அதிகம் தேவைப்படும் என்பதை முன்கூட்டியே யோசிக்க வேண்டியிருக்கிறது.

எச்-1பி வேலை விசாக்காரர்களின் குடும்பத்துக்குத் தரும் எச்-4 விசாவில் இருக்கும் பிள்ளைகளின் பெற்றோருக்குத் தனியாக ஒன்று சொல்ல வேண்டும். மேலே சொன்ன அரசுக் கடன் எதுவும் அவர்களுக்குக் கிடையாது. குடியுரிமையோ கிரீன் கார்டோ வேண்டும். துரிதத் திட்டங்கள் பலவற்றில் சேரவும் அதே நிபந்தனைதான். கிரீன் கார்டு வரிசையில் காத்திருக்கும்போதே பிள்ளைக்கு 21 வயது ஆகிவிட்டால் எச்-4 போய்விடும். பல் மருத்துவக் கல்லூரிக்குள் நுழையும் அதே வயதில் எஃப்-1 என்ற மாணவர் விசாவுக்கு மாற வேண்டியிருக்கும். இந்த வீடுகளில் முதல் கேள்வி கல்லூரிப் பெயர் இல்லை. இந்த நிலையில் இருக்கும் பிள்ளையை நாலாம் வருடம் உள்ளே எடுத்துக்கொள்வீர்களா என்பதுதான். அதை எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்.

இதெல்லாம் சரி, பிள்ளைக்கு அந்தத் தொழில் பிடிக்குமா?

அண்ணன் மகள் பத்தாம் வகுப்பிலிருந்து இரண்டு கிளினிக்குகளில் போய் நின்று பார்த்திருக்கிறாள். நூறு மணி நேரத்துக்கு மேல் ஆகிவிட்டது என்றாள். என்ன பார்த்தாய் என்று கேட்டேன். வேர் சிகிச்சை, பல் எடுப்பது என்று சொல்லுவாள் என்று எதிர்பார்த்தேன். “டாக்டரோட கழுத்தைப் பார்த்தேன் அத்தை. நாள் முழுக்க ஒரே பக்கம் சாய்ஞ்சே இருக்கு. மத்தியானம் சுவத்துல சாஞ்சு நின்னு நிமிர்த்திக்கிறாங்க” என்றாள். அப்புறம், ஆறு வயதுப் பையன் ஒருவன் வாயைத் திறக்கவே மாட்டேன் என்று அழுததையும், டாக்டர் எச்சில் உறிஞ்சும் குழாயை அவன் கையிலேயே கொடுத்து, ஒரு கப் தண்ணீரை உறிஞ்சச் சொல்லி விளையாட்டுக் காட்டியதையும் சொன்னாள். பத்து நிமிடம் கழித்து அவனே வாயைத் திறந்தானாம். அதைச் சொல்லும்போது அவள் முகத்தைப் பார்க்க வேண்டும்.

கழுத்து வலியையும் பார்த்துவிட்டு, அந்தப் பையனையும் நினைவில் வைத்திருக்கிற பிள்ளைக்கு ஏழு வருட சீட் பொருத்தம் என்பது என் அபிப்பிராயம். அந்த நூறு மணி நேரம் இல்லாமல், அப்பா அம்மா சொன்னார்கள், டாக்டர் என்று பெயருக்கு முன்னால் வரும் என்பதற்காகக் கையெழுத்துப் போடும் பிள்ளையை நான் பெரிய பல்கலைக்கழகத்துக்கே அனுப்புவேன். அதற்கு வசதி இல்லையென்றால், நல்ல உதவித்தொகை கிடைக்கும் மாநிலக் கல்லூரிக்கு. இரண்டு வருடம் போனால் அவர்களுக்கே தெரிந்துவிடும்.

அவள் அந்தக் கல்லூரியின் சேர்க்கை அலுவலகத்துக்கு மூன்று கேள்விகள் எழுதி அனுப்பினாள். மூன்றாம் வருட முடிவில் பல் மருத்துவம் வேண்டாம் என்று முடிவு செய்தால் இங்கேயே நாலாம் வருடம் இருந்து பட்டம் வாங்க முடியுமா? உதவித்தொகை அந்த வருடத்துக்கும் உண்டா? வேறு கல்லூரிக்கு விண்ணப்பித்தால் இடம் போகும் என்பதில் விதிவிலக்கு ஏதாவது இருக்கிறதா? இரண்டு நாளில் பதில் வந்தது. முதல் இரண்டுக்கும் ஆம். மூன்றாவதற்கு இல்லை.

அந்த மூன்றாவது பதிலை அவள் இரண்டு முறை படித்தாள். “பல் சீரமைப்புக்குப் போகணும்னு தோணுச்சுன்னா அங்கேயே ரேங்க் வாங்கிக்கிறேன்” என்றாள். ஏப்ரல் 30 இரவு லேப்டாப்பில் கையெழுத்துப் போட்டாள். அண்ணன் பக்கத்தில் உட்கார்ந்து திரையையே பார்த்துக்கொண்டிருந்தார். கொஞ்ச நேரம் கழித்து, மேசையில் கிடந்த ஒரு நாப்கினை எடுத்து மெல்ல இரண்டாக மடித்தார்.

“அந்தத் தேர்வு எப்போம்மா எழுதணும்?”